எட்டு மணி முதல் எட்டு ஐந்து வரை

நாட்டிலுள்ள மயில்கள் எல்லாம் ஒரு சனிக்கிழமை காலை சரியாக எட்டு மணிக்குத் தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று கொழும்பில் யாரோ முடிவெடுத்திருந்தார்கள். மயில்களுக்கு மட்டுமல்ல, குரங்குகளுக்கும் பன்றிகளுக்கும் மரஅணில்களுக்கும் அதே நேரம்தான். எட்டிலிருந்து எட்டு ஐந்து வரை ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வளவிலோ தோட்டத்திலோ நின்று, கண்ணில் படுவதை எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். பயிரை அழிக்கும் பிராணிகள் எத்தனை என்று தெரிந்தால்தானே ஏதாவது செய்யலாம்? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மயில்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை.

வரணிக்கு அப்பால், வயல்வெளி முடிந்து மணல்தரை தொடங்கும் இடத்திலிருந்த பதினெட்டு வீடுகளுக்கும் படிவம் கொண்டுவந்தவள் உதயகலா. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வயது முப்பதுகூட ஆகவில்லை. எது வந்தாலும் அவள் தலையில்தான் கட்டுவார்கள். டெங்கு என்றாலும் அவள், மரநடுகை என்றாலும் அவள். புதன்கிழமை பின்னேரம் சுவர்ணாவின் வீட்டுப் படலை வாசலில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, வியர்த்து வடிந்தபடி வந்து சுவர்ணா போட்ட கதிரையில் இருந்தாள்.

"அக்கா, இதிலை எழுதுறது வலு சுகம். எட்டு மணிக்குத் தோட்டத்துக்கை நில்லுங்கோ. எட்டு அஞ்சுக்கு முடிஞ்சுது. அந்த நேரத்துக்குள்ளை கண்டதை மட்டும்தான் எழுதவேணும். நேற்றுக் கண்டது, முந்தநாள் கண்டது ஒண்டும் சரிவராது."

"எங்கடை தோட்டத்திலை நாப்பது மயிலுக்குக் குறையாமல் நிக்கும் பிள்ளை."

"அப்ப நாப்பதெண்டு எழுதுங்கோ. கூடக் கிடந்தாத்தான் மேலிடம் திரும்பிப் பாக்கும். வேலிக்குக் கேக்கலாம், வந்து பாக்கச் சொல்லிக் கேக்கலாம். இல்லாட்டி வாயாலை சொல்லிச் சொல்லி என்ன பிரயோசனம்?"

சுவர்ணா அந்தப் படிவத்தை வாங்கி, கசங்காமல் கொண்டுபோய்ச் சாமியறையில் பித்தளைக் கைமணிக்குப் பக்கத்திலிருந்த விபூதித்தட்டுக்குக் கீழே வைத்தாள். அவளுக்கு வேலிகூட வேண்டாம். ஒரு எண் ஏறினால் போதும். அந்த எண்ணில் அவளுடைய பிள்ளையின் தலை தங்கியிருப்பதாக அவள் நினைத்தாள்.

அந்தப் பயம் வாகீசனால் வந்தது. வாகீசன் அவளுடைய புருசன். முந்திய வருடம் பயறு போட்டார், மயில் தின்றது. போன வருடம் கச்சான் போட்டார்; மண்ணுக்குள் இருந்த கடலையை மயில் கிளறி எடுத்துத் தின்றது. இந்த வருடமும் தை முதல் கிழமை கச்சான் விதைத்து, இப்போதுதான் காய் பிடித்துக்கொண்டு வந்தது. சந்தைக்குப் போகும் சனி தவிர, தினமும் விடியப்புறம் ஐந்தரைக்கு ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தையும் பூவரசந்தடியையும் எடுத்துக்கொண்டு போய் நின்று அடிப்பார். முதல் கிழமை சத்தத்தைக் கேட்டு மயில்கள் பறந்தன. இரண்டாம் கிழமை நடந்து போயின. அதற்குப் பிறகு தலையை மட்டும் நிமிர்த்தி, யார் அடிப்பது என்று பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்தன. மனிசன் தோள் கழல அடிக்க, அவை பக்கவாத்தியத்தோடு சாப்பிட்டன.

மாசியில் ஒருநாள் தகரத்தைக் கிணற்றடியில் எறிந்துவிட்டு வந்து சொன்னார்.

"நான் மருந்து வைக்கப்போறன்."

மருந்து என்றால் பூச்சிக்குப் போடும் பழைய குருணை மருந்து. இப்போது விற்கத் தடை. ஆனால் தடை வருவதற்கு முன் வாங்கியது ஒரு பக்கற் அவரிடம் எங்கோ இருந்தது. எங்கே என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். நெல்லில் பிரட்டி ஒரு பிடி போட்டால் ஒரு கூட்டமே சரியும்.

கலியாணம் கட்டி ஒன்பது வருடம் பிள்ளை இல்லாமல் இருந்தவள் சுவர்ணா. வயல்வெளிக்கு அங்கால் இருக்கும் முருகன் கோயில் வீதியில் புரண்டு புரண்டு கேட்டு வாங்கிய பிள்ளைதான் ஆரணி. அவள் இப்போது பதினாறு வயதுப் பெட்டை. சாவகச்சேரியில் மாமி வீட்டில் நின்று சாதாரணதரச் சோதனைக்குப் படிக்கிறாள். தந்தவனுடைய வாகனத்துக்கு நஞ்சு வைத்துவிட்டு, தந்த பிள்ளையை நல்லாய் வைத்திரு என்று எந்த வாயால் கேட்பது? அவள் புருசனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அவர், "சரி. கணக்கெடுப்பெண்டு ஒண்டு வருதாம். அதுமட்டும் பொறுக்கிறன். எங்கடை தோட்டத்துக்கு ஒரு எண் ஏறினா, நான் மருந்தைத் தொடமாட்டன். ஏறாட்டி நீ என்னை மறிக்கக்கூடாது. ஓமோ?" என்றார்.

"ஓம்," என்றாள். நாற்பது மயில் மேயும் தோட்டத்தில் எண் ஏறாமல் எங்கே போகும்?

வாகீசன் சொன்னால் சொன்னதுதான். நல்ல குணம் என்று ஊரில் சொல்லுவார்கள். ஊருக்கென்ன, அவர்கள் அவரோடு குடும்பம் நடத்தவில்லையே. சண்டையில் இடம்பெயர்ந்து போய்க் கிடந்த காலத்தில் நிவாரணம் பதிய வந்த கிளாக்கரே பாவம் பார்த்து, "நாலு பேரை ஆறெண்டு போடவோ?" என்று கேட்டிருக்கிறார். அப்போது இளந்தாரி வாகீசன், "நாலு பேர்தான் ஐயா" என்று சொல்லி, நாலு பேரின் அரிசியை வாங்கிக்கொண்டு வந்தார். அவருடைய தாய் கண்ணை மூடும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டினாள்.

சனிக்கிழமை விடிந்தது. பங்குனி பிறந்து இரண்டு நாளும் ஆகவில்லை; வேம்பு பூத்து வளவெல்லாம் மணத்தது, வரம்புப் புல்லில் பனி நின்றது. ஐந்தரைக்கே மயில்கள் வந்துவிட்டன. ஒன்று, இரண்டு என்று வரம்பால் இறங்கி, பிறகு வாய்க்கால் பக்கமிருந்து ஒரே வரிசையாக வந்தன. வாகீசன் பழக்கதோசத்தில் தகரத்தைத் தூக்கினார்.

"ஐயோ, இண்டைக்கு அடியாதேங்கோ," என்று சுவர்ணா ஓடிப்போய்த் தடியைப் பறித்தாள். "எட்டு மணி மட்டும் நிக்கட்டும்."

"அப்ப விருந்து," என்று சொல்லிவிட்டு அவர் போய்க் கிணற்றுக்கட்டில் இருந்தார்.

மறிப்பார் இல்லாமல் மயில்கள் தின்பதை அவர்கள் அன்றுதான் முதல்முதலாக முழுதாகப் பார்த்தார்கள். காலால் கிளறி, கச்சான் செடியைச் சரித்து, பிஞ்சைக் கொத்தி எடுத்து, அடுத்த செடிக்குப் போயின. அவசரமே இல்லை. ஒவ்வொரு செடி சரியும்போதும் வாகீசனின் கன்னம் துடித்தது. சுவர்ணா எண்ணினாள். நாற்பத்திமூன்று. மறுபடி எண்ணினாள். நாற்பத்திமூன்றுதான். தின்னுங்கோ, தின்னுங்கோ, எட்டு மணி மட்டும் நிண்டு தின்னுங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினாள். தன் வயிற்றிலடிப்பவரைப் பார்த்து இன்னும் அடி என்று கெஞ்சும்படி ஆனதே என்று வெட்கமாகவும் இருந்தது.

ஏழரைக்கு உதயகலா வந்தாள். பதினெட்டு வீட்டில் எந்த வீட்டிலும் நிற்கலாம். தெரிந்துதான் இந்த வீட்டுக்கு வந்தாள். தோட்டத்தைப் பார்த்ததும் வாயில் கையை வைத்தாள்.

"என்ன அக்கா, உவ்வளவோ! அறிக்கையிலை உங்கடை தோட்டம்தான் முதலாவதா வரப்போகுது."

சுவர்ணாவுக்கு நெஞ்சு நிறைந்தது. தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தக் கோப்பை உதயகலாவின் கையில் பாதி குறைந்திருந்தபோது, ஒரு பெரிய ஆண்மயில் தலையை நிமிர்த்தி மேற்குப் பக்கம் பார்த்தது. பிறகு தோகையை இழுத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோல வரம்பேறி நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் நாலு பேடுகள்.

"எங்கை போகுதுகள்?" என்று சுவர்ணா எழும்பினாள்.

"வெயில் ஏறுதெல்லே, நிழலுக்குப் போகுதாக்கும்," என்றார் வாகீசன். சனிக்கிழமைகளில் அவர் விடியவே கொடிகாமம் சந்தைக்குப் போய்விடுவார்; அன்று கணக்கெடுப்புக்காகத்தான் நின்றிருந்தார். சனிக்கிழமை மயில்களின் நடமாட்டம் அவருக்குத் தெரியாது.

ஏழு ஐம்பதுக்குப் பதினைந்து நின்றன. ஏழு ஐம்பத்தைந்துக்கு மூன்று. சுவர்ணா அவற்றுக்கு முன்னால் ஓடிப்போய்க் கையை விரித்து மறித்தாள். வாழ்நாளில் மயிலைப் போகாதே என்று மறித்த ஒரே தோட்டக்காரி அவளாகத்தான் இருக்கும். இரண்டு சுற்றிக்கொண்டு போயின. கடைசி ஒன்று வேலிக் கதியாலில் பறந்து ஏறி, ஒருதரம் அகவி, அந்தப் பக்கம் குதித்தது.

உதயகலா போனைப் பார்த்து, "எட்டு மணி," என்று மெல்லச் சொன்னாள்.

மூவரும் தோட்டத்தின் நடுவில் நின்றார்கள். இரண்டு காகம் வந்தன. காகத்துக்குப் படிவத்தில் இடமில்லை. ஒரு கீரி வரம்பைக் கடந்தது, கீரிக்கும் இல்லை. கிணற்றடி முருங்கையில் ஒரு அணில் கத்தியது. "அது சின்ன அணில் அக்கா, சேராது," என்றாள் உதயகலா, அழுவதுபோல.

அப்போதுதான் வயல்வெளிக்கு அங்காலிருந்து கோயில் மணி கேட்டது.

சுவர்ணாவுக்கு உச்சந்தலையில் அடித்ததுபோல இருந்தது. காலைப் பூசை மணி. ஐயர் நாலு கோயிலுக்குப் பூசை செய்பவர். இந்தக் கோயிலுக்கு மோட்டச்சைக்கிளில் வந்து சேரும்போது எப்போதும் இந்த நேரம் ஆகும். பூசை முடிந்ததும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் அருட்பிரகாசத்தார் கைமணியை எடுத்துக்கொண்டு மேற்கு வீதிக்கு வந்து, மணியைக் கிலுக்கிக் கிலுக்கி நெல் எறிவார். அந்த நெல் சுவர்ணாவின் நெல்.

கந்தசஷ்டி கழிந்த சனிக்கிழமை அவள் வைத்த நேர்த்தி அது. "முருகா, உன்ரை வாகனத்துக்கு நான் சனிக்குச் சனி சாப்பாடு போடுறன். என்ரை தோட்டத்தை விட்டுட்டு உன்ரை வீதியிலை நிண்டு சாப்பிடச் சொல்லு." ஏன் சனி என்றால், வாகீசனுக்கு ஏழரைச் சனி நடக்கிறது, முருகனையும் சனீஸ்வரனையும் ஒரே நாளில் திருப்திப்படுத்திவிடலாம் என்று அவள் போட்ட கணக்கு. முதல் இரண்டு மாதமும் தானே போய் எறிந்தாள். மயில்கள் அவளுடைய சேலைக் கரையை உரசிக்கொண்டு நின்று தின்னும். கச்சான் விதைத்த பிறகு நேரமில்லாமல், வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போகும்போதே நெல்லை அருட்பிரகாசத்தாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வாகீசனுக்குச் சொல்லவில்லை. தின்கிறவர்களுக்கே வீட்டு நெல்லையும் கொண்டுபோய்க் கொடுக்கிறாயா என்று கேட்பார்.

சனிக்கிழமைகளில் மயில்கள் வேளைக்கே போய்விடுவதை அவள் கவனித்துத்தான் இருந்தாள். முருகன் கண் திறந்துவிட்டான் என்று சந்தோசமும் பட்டாள். ஆனால் கோயில் மணியின் நேரம் அவளுக்குப் பூசை நேரம். படிவத்திலிருந்த எட்டு மணி அரசாங்கத்தின் நேரம். இரண்டும் ஒன்றென்று அவளுக்குப் படவேயில்லை. பட்டிருந்தால், நேற்றுப் பின்னேரம் கணக்கெடுப்பு நல்லபடி நடக்க வேண்டும் என்று கும்பிட்டு, வழக்கமான ஒரு கொத்துக்குப் பதிலாக இரண்டு கொத்து நெல் கொடுத்திருப்பாளா?

வரம்பால் ஓடினாலும் கோயிலுக்குப் பத்து நிமிடம். போய் என்ன செய்வது? மயில்களைக் கையில் பிடித்தா வரமுடியும்? அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். மணி அடித்துக்கொண்டேயிருந்தது.

"எட்டு அஞ்சு," என்றாள் உதயகலா.

வாகீசன் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். உதயகலா குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணை, நான் வரேக்கை பாத்தனான்தானே. நாப்பது எண்டு எழுதுங்கோ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"எட்டிலையிருந்து எட்டு அஞ்சு எண்டுதானே போட்டுக் கிடக்கு?"

"ஓம்."

"அப்ப சைபர்."

"ஒரு பத்தெண்டாவது எழுதுங்கோ," என்று சுவர்ணா அவருடைய கையைப் பிடித்தாள். பிறத்தியார் முன்னால் அவள் அவரை எதிர்த்துக் கதைத்ததே இல்லை. "பிள்ளைக்காக எழுதுங்கோ."

"பிள்ளை திங்கக்கிழமை சோதினைக்குப் போறாள். அவள் ஆரையும் பாத்து எழுதக்கூடாதெண்டு நான் சொல்லி விட்டனான்." கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, மயிலுக்கு நேரே வட்டமாக, வடிவாக, ஒரு சைபர் போட்டார். குரங்குக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று. கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

உதயகலா படிவத்தை மடித்துக்கொண்டு படலைக்குப் போனதும் சுவர்ணா பின்னாலேயே ஓடி, "பிள்ளை, என்னைக் கோயிலடிக்கு ஏத்திக்கொண்டு போ," என்றாள். போகும் வழியில் எல்லாவற்றையும் சொன்னாள். உதயகலா ஸ்கூட்டியை முறுக்கினாள்.

மேற்கு வீதி மணலில் மயில்கள் நிறைந்து நின்றன. சுவர்ணா ஒவ்வொன்றாகச் சுட்டி எண்ணினாள். நாற்பத்திமூன்று. அவளுடைய தோட்டத்துப் புழுதி இன்னும் அவற்றின் கால்களில் ஒட்டியிருந்தது. அருட்பிரகாசத்தார் வெறும் பெட்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்.

"வா பிள்ளை. இண்டைக்கு நல்ல கூட்டம். இரண்டு கொத்தும் போதாமல் போச்சு."

"ஐயா, இதுகளை எண்ணி எழுதித் தரேலுமோ? எட்டு மணிக்கு இஞ்சை நிண்டதெண்டு ஒரு கையெழுத்து," என்று உதயகலா வெறும் படிவம் ஒன்றை நீட்டினாள்.

அவர் படிவத்தை வாங்கித் தலைப்பை வாசித்தார். சிரிப்பு நின்றது. "பயிரை அழிக்கிற பிராணியோ? சுவாமியின்ரை வாகனத்தை உதிலை எழுதி நான் கையெழுத்து வைக்கிறதோ? என்ன கதை கதைக்கிறியள்!" படிவத்தை விரல்நுனியால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் வைத்திருந்தாலும் பிரயோசனமில்லை. கோயில் வீடல்ல, கோயிலுக்குப் படிவம் கிடையாது. தெருவுக்கு இந்தப் பக்கம் வேறு கிராம சேவகரின் பிரிவு. அப்போது நேரம் எட்டு இருபத்திரண்டு. இதையெல்லாம் உதயகலாதான் ஒவ்வொன்றாகச் சொன்னாள், தன்னைத்தானே ஏசுவதுபோல.

"நான் தனியா ஒரு குறிப்பு எழுதி அனுப்புறன் அக்கா."

"அனுப்பினா?"

அவள் பொய் சொல்லத் தெரியாத பெட்டை. "வாசிப்பினமோ தெரியாது," என்றாள்.

சுவர்ணா வரம்பால் நடந்தே வீட்டுக்குத் திரும்பினாள். நடக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லிவிடுவது. மயில்கள் எட்டு மணிக்கு நிற்காமல் போனது மயில்களின் குற்றமில்லை, அரசாங்கத்தின் குற்றமுமில்லை, தன்னுடைய குற்றம். கோபத்தை மனிசன் தன்மேல் காட்டட்டும். நாலு ஏச்சு, நாலு நாள் முகம் கொடுக்காமல் இருப்பார், அதோடு போகட்டும்.

வாகீசன் சரிந்த கச்சான் செடிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மண் அணைத்துக்கொண்டிருந்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சொன்னாள். அவர் வேலையை நிறுத்தவில்லை.

"எங்கடை நெல்லோ?"

"ஓம்."

"எத்தினை சனி?"

"கந்தசஷ்டி கழிய. பதினெட்டு, பத்தொன்பது சனி."

அவர் ஏசவில்லை. இன்னொரு செடியை நிமிர்த்தினார். "மணி கேட்டவுடனை வருமோ?"

"ஓம். கைமணியைக் கிலுக்கினாப் போதும், ஓடி வருங்கள்." அவர் கேட்கிறாரே என்ற சந்தோசத்தில் அவளுக்கு வாய் ஓடியது. வந்து பார்ப்பார், எண்ணுவார், ஒரு கடிதமாவது எழுதுவார் என்று நினைத்தாள். "வலு புத்தி அதுகளுக்கு. எங்கை நிண்டாலும் வருங்கள்."

"எல்லாமோ?"

"எல்லாம். ஒண்டும் மிஞ்சாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் தலையை நிமிர்த்தினார். அந்த முகத்தைப் பார்த்ததும் தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்கு விளங்கியது.

"கடதாசியிலை ஒரு மயிலும் இல்லை, சுவர்ணா. நானே கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். இல்லாததுக்கு என்ன நடந்தாலும் ஆர் வந்து கேக்கப்போறான்?"

"ஐயோ, வேண்டாம். உங்களைக் கும்பிட்டன்."

"நான் சொன்னதைத்தான் செய்யப்போறன். நீயும் சொன்னதைச் செய்." அவ்வளவுதான். கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போனார்.

அன்று பகல் முழுவதும் அவள் அந்தப் பக்கற்றைத் தேடினாள். கொட்டில் கூரை, மாட்டுக் கொட்டகை, மோட்டர்ப் பெட்டி, எரு மூட்டைகளின் அடி எங்கும் பார்த்தாள், இல்லை. பின்னேரம் உதயகலாவுக்குப் போன் எடுத்தாள். மனிசன் செய்யப்போவதைச் சொன்னாள்.

"அக்கா, பொலிசுக்குச் சொல்லவோ?"

பொலிஸ் வந்தால் புருசனைக் கொண்டுபோவார்கள். திங்கள் விடிய ஆரணி சோதனைக்குப் போகிறாள். தகப்பனைப் பிடித்துக்கொண்டு போன செய்தியோடு பிள்ளையால் என்ன எழுத முடியும்? சொல்லாவிட்டால் மயில்கள் போகும். அந்தப் பாவம் யார் தலையில் விடியும்? இந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளை, அந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளை.

"வேண்டாம் பிள்ளை," என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஒரேயொரு வழி மிஞ்சியிருந்தது. விடிய, அவர் எழும்புமுன் நெல்லை எடுத்துக்கொண்டு கோயிலடிக்கு ஓடுவது. அங்கே நின்று கைமணியைக் கிலுக்கி, மயில்களை அந்தப் பக்கமே வைத்துக்கொள்வது. நாளைக்கு இப்படி, நாளையின்றைக்கு? அதை அவள் யோசிக்கவில்லை. நாளைக்கு ஒருநாள் தப்பினால் போதும் என்றிருந்தது.

ஆனால் உடம்பு ஏமாற்றிவிட்டது. முழுநாளும் அழுது தேடிக் களைத்த உடம்பு. கண் விழித்தபோது யன்னலில் வெளிச்சம் தெரிந்தது. பக்கத்துப் பாய் காலி. எழுந்து ஓடிப்போய் நெல்மூட்டையைப் பார்த்தாள். அவிழ்த்த சாக்கு அடுக்களை மூலையில் தட்டையாகக் கிடந்தது. சாமியறைக்கு ஓடினாள். விபூதித்தட்டு இருந்தது, குத்துவிளக்கு இருந்தது. பித்தளைக் கைமணி இருந்த இடத்தில் ஒரு வட்டமான கறை மட்டும் இருந்தது.

அந்த நேரம் தோட்டத்தில் மணி கேட்டது.

அவள் தலைமயிரையும் முடியாமல் ஓடினாள். மேற்கு வரம்பால் மயில்கள் இறங்கிக்கொண்டிருந்தன, நடந்தல்ல, ஓடி. கச்சான் ஓரமாக நீளத்துக்கு நெல் கொட்டியிருந்தது. அதன் தலைப்பில் வாகீசன் நின்று மணியைக் கிலுக்கிக்கொண்டிருந்தார். கண்ணால் நீர் வழிந்து தாடியை நனைத்திருந்தது. கை மட்டும் நிற்கவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

கிணற்றடியில் எறிந்து கிடந்த தகரத்தை எடுத்துத் தடியால் அடித்தாள். கை எரிய அடித்தாள், "சூய், சூய்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். இரண்டு மாதம் கேட்டுப் பழகிய சத்தம். ஒன்றுகூடத் தலை நிமிர்த்தவில்லை. தகரத்தைப் போட்டுவிட்டு அவற்றின் நடுவே புகுந்து, சேலைத்தலைப்பை வீசி வீசி ஓடினாள். அவள் போன பக்கம் சற்று விலகி, அவள் கடந்ததும் திரும்பி வந்து கொத்தின. கேட்காமலே அவளுடைய வாய் எண்ணியது. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது.

ஒரு பேடு மட்டும் நெல்லை விட்டுவிட்டு அவளிடம் வந்தது. முதல் இரண்டு மாதமும் கோயில் வீதியில் சேலைக் கரையை உரசிக்கொண்டு நின்று தின்ற பேடு. அவள் அதைக் காலால் தள்ளினாள். அது போகவில்லை. கழுத்தை நீட்டி, அவளுடைய கையையே பார்த்துக்கொண்டு நின்றது.